அழுகைச் சத்தம் கேட்கும் வீடு

உங்கள் பெரிய அக்காவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளைப் பெற்றவள் சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தாள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. உங்கள் அம்மா இந்த வீட்டுக்கு வருவதற்கும் நீங்கள் பிறப்பதற்கும் முன்னால் நடந்தது இது. மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் படித்தவன் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

மார்க்கையன்கோட்டையில் ஒரு வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தேன். வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. அதனால் குழந்தையை வயலுக்கே தூக்கிப் போய், புங்கமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு உழுவேன். ஆனியில் ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திறந்தார்கள். அந்த வாரம்தான் அவள் தொட்டிலைவிட்டுத் தானே இறங்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் நான் திரும்பிப் பார்க்கும்போது வாய்க்கால் கரையில் குனிந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். கலப்பையைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கினேன். இனி இவளை எங்காவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என்னோடு உழுத, மச்சான் முறைக்காரர் ஒருவருக்கு அது சிரிப்பாக இருந்தது.

"பொண்ணு பாக்க நாலு வீடு ஏறுவீருன்னு பாத்தா, புள்ளைய விட வீடு தேடிக்கிட்டு அலையுறீரே!"

"மொதல்ல இவளுக்கு வீடு அமையட்டும் மச்சான். எனக்குப் பொறகு பாக்கலாம்."

முதலில் போனது கோவிலுக்குப் பக்கத்து வீட்டுக்கு. எங்கள் வேதக்காரப் பெண் ஒருத்தி நடவுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. சாணம் மெழுகிய தரை, சுவரில் மாதா படம், பாயில் வரிசையாகக் குழந்தைகள். வெயில்கூட ஏறவில்லை, எல்லாம் தூங்கின.

"வாங்க தம்பி, புள்ளைய எறக்கி விடுங்க. இங்கன வந்துட்டா ஒரு நாளும் அழுகாது" என்றாள்.

எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. குழந்தையை இறக்கப் போகும்போதுதான் கவனித்தேன். பாயில் கிடந்த பையனின் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கையால் விசிறினேன். பறந்து போய் அவன் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. அவன் கையைத் தூக்கி விட்டேன். நனைந்த துணி மாதிரி விழுந்தது.

"என்னக்கா குடுக்குறீக?"

"கடுகளவு அபினி, பால்ல கரைச்சு. எல்லாப் பொம்பளைகளும் தெரிஞ்சுதான் விட்டுட்டுப் போறாக. நீங்க என்னமோ புதுசா மொகத்தச் சுளிக்கிறீக."

"இவளுக்கு மட்டும் குடுக்காம இருக்க முடியாதாக்கா?"

"பின்னாடி வாய்க்கா ஓடுறது தெரியலையா? போன வெள்ளத்துல முழிச்சுக் கெடந்த புள்ள ஒண்ணு அங்கன போயிருச்சு. நான் இங்கன சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன்." பாயின் ஓரத்துக்கு உருண்டிருந்த ஒரு குழந்தையை நகர்த்திப் படுக்கவைத்தாள். "அதுலருந்துதான் எல்லாத்துக்கும் குடுக்குறேன். தூங்குற புள்ள தண்ணிக்குப் போகாது தம்பி."

அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அபினியைப் புகையிலை மாதிரிக் கடையில் வாங்கிவந்து வீட்டில் வைத்திருப்பார்கள். அவள் பயம் எனக்கும் இருந்த பயம்தான். 

ஆனாலும் குழந்தையை இறக்க என் கை வரவில்லை. உங்கள் அக்காவைப் பெற்றவளும் கடைசி நாளில் அந்தப் பையன் மாதிரித்தான் அசையாமல் கிடந்தாள். காய்ச்சல் விட்டுத் தூங்குகிறாள் என்று நான் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதியை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. போய்வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்து, வயலுக்கு மேற்கே மேட்டில் இருந்த எருமைக்காரியின் வீடு. அவளும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்த்ததில்லை. வீடு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கூச்சல் கேட்டது. மாட்டுக் கொட்டத்தில் நாலு குழந்தைகள். ஒன்று சாணியை அப்பிக்கொண்டிருந்தது, ஒன்று கன்றின் வாலை இழுத்துக்கொண்டிருந்தது, மற்ற இரண்டும் எதற்கோ அடித்துக்கொண்டு அலறின. ஒவ்வொன்றின் இடுப்பிலும் பழஞ்சேலைக் கிழிசல் ஒன்று கட்டி, மறுமுனையைக் கல்தூணில் முடிந்திருந்தாள்.

"என்னப்பா, எருமை வாங்க வந்தவன் மாதிரி நின்னு பாக்குறே?"

"புள்ளைய விட வந்தேன் ஆத்தா. அபினி குடுப்பீகளா?"

"என் எருமைக்கே நான் குடுத்ததில்ல, இதுகளுக்கா? நல்லாக் கேட்டுக்க. கத்தும், அடிச்சுக்கிரும், மண்ணத் திங்கும். சாயங்காலம் கழுவாமத்தான் தருவேன், நீதான் கழுவிக்கிறணும். நெத்தியில துன்னூறும் பூசுவேன். ஒங்க சாமியாரு வைவாருன்னா இப்பவே சொல்லிரு."

"வஞ்சா நான் வாங்கிக்கிறேன் ஆத்தா."

இன்னொரு கிழிசலைக் கொடுத்தாள். அதைத் தூணில் முடிந்து இழுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிவரை எட்டவில்லை. உங்கள் அக்காவை இறக்கி அவள் இடுப்பில் நானே கட்டினேன். கன்றுக்குட்டி மாதிரிக் கட்டுகிறோமே என்று முடிச்சைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். என் துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் வீறிட்டாள். ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டு இறங்கி நடந்தேன்.

நான் உழும் இடம்வரை அவள் அழுகை கேட்டது. மற்ற குழந்தைகளின் சத்தத்துக்குள்ளேயும் அவள் குரல் எனக்குத் தனியாகத் தெரிந்தது. மச்சானுக்குத் தாங்கவில்லை.

"போய்த் தூக்கிட்டு வந்துருமய்யா. மாடே மெரளுது."

"கத்தட்டும் மச்சான். கத்துற வரைக்கும் எனக்கு உழவு ஓடும்."

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் சத்தம் நின்றுவிட்டது. காது கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாட்டை அப்படியே நிறுத்திவிட்டு வரப்பில் ஓடினேன். 

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கன்றின் காது, வாய் நிறையக் கேப்பைக் கூழ். என்னைப் பார்த்ததும் வாய் திறந்தது, கூழ் மார்பில் வழிந்தது, பழையபடி அலறல் ஆரம்பித்தது.

"ஏலே! இப்பத்தான தின்ன வச்சேன். ஒன்ன யாரு வரச் சொன்னா? போ, போய் உழுவு!"

போனேன். அந்த அழுகை என் பின்னாலேயே மேடு இறங்கி வந்தது. மாடுகள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன.  கலப்பையைப் பிடித்து, விட்ட உழவுச் சாலிலிருந்து ஓட்டினேன்.