நிறம் மாற்றிய கார்

1991-ம் வருடம், ஆடி மாதம். நாங்கள் அப்போது சேரப்பணஞ்சேரியில் குடியிருந்தோம். என் கணவருக்கு வல்லக்கோட்டை தாண்டி, ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. தினமும் சைக்கிளில்தான் போய் வருவார். நான் ஊர் பால்வாடியில் டீச்சர். மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது.

அன்றைக்குக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஏகப்பட்ட கூட்டம். ஒரகடம் சாலை அந்தக் காலத்தில் ஒரு பஸ் வந்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டிய அளவுக்குத்தான் அகலம். மதியம் ஷிப்ட் முடிந்து அவர் வரும் நேரம். நான் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை செய்பவர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"உன் வூட்டுக்காரர கார் தட்டிட்ச்சிம்மா. உசுருக்கு ஒண்ணும் இல்ல. காலுதான். காருக்காரரே தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் அந்தக் காரைப் பார்த்தேன். நல்ல இரத்தச் சிவப்பு. கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். சக்கரங்கள் நாலும் வண்டியின் உடம்பை விட்டு அரைச் சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு இளைஞர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சட்டையெல்லாம் என் கணவரின் இரத்தத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அவரு ஓரமாத்தான் போனாரு. தப்பு என் மேலதான். வீல் அவரு பெடல்ல மாட்டிக்கிச்சு."

அந்த நிலையில் எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடித்துவிட்டு ஓடாமல் தூக்கிக்கொண்டு வந்தாரே என்றுதான் தோன்றியது. தொடை எலும்பு முறிந்திருந்தது. அன்று சாயந்திரமே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தத் தம்பியும் கூடவே வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலும் அவரே போய்த் தகவல் சொன்னார். மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் நாளில் காரைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும், நடை பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என் கணவருக்கு நின்றுகொண்டே செய்யும் வேலை. அதுவும் நிரந்தரம் ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்போது என் அண்ணன்தான் இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னான். "காருக்கு இன்சூரன்ஸ் கீது இல்ல? கேஸ் போட்டா அதுலருந்து நஷ்ட ஈடு வரும். நீ பயப்படாத" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தம்பி தினமும் பழமோ ஹார்லிக்ஸோ வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் வெறுங்கையோடு வந்தார். முகம் செத்துக் கிடந்தது. என் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். கார் புதுசு, வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகிறது. புக் செய்து காத்திருந்தபோது வெள்ளைதான் கிடைத்ததாம். அவருக்குச் சிவப்பில் ஆசை. பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் கொடுத்து நிறத்தை மாற்றி, அகலச் சக்கரமும் போட்டிருக்கிறார். சக்கரம் மாற்றியதிலிருந்து ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததாம். விபத்துக்குப் பிறகு வண்டி வாங்கிய இடத்தில் காட்டினால், சக்கரத்தை வெளியே மாற்றிவிட்டு எங்களிடம் வந்தால் வாரண்டி செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸில் அதைவிட மோசம்.

"பேப்பர்ல வெள்ளைக் கார்னு இருக்கு, சிவப்புக் கார் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்கண்ணா. மாத்தினதை ஏன் எழுதிக் கொடுக்கலன்னு கேக்கறாங்க. இதுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியவே தெரியாது. வண்டியைப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. முதல் நாள் வேலையிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் பயம் பிடித்துக்கொண்டது. கணவர் படுக்கையிலிருந்தபடியே, "இன்னாம்மா, அந்தத் தம்பி காணோம்?" என்று கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், அம்மாவிடம் விட்டிருந்த குழந்தையைப் பார்க்க ஊருக்கு வந்தவள், அண்ணனோடு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அங்கே அந்தத் தம்பியின் அப்பாவுக்கு ஒரு இரும்புக் கடை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோது அண்ணன் என்னமோ பேசிக்கொண்டு வந்தான். எதுவும் என் காதில் ஏறவில்லை. தப்பு தன் மேல் இல்லை என்று அந்தத் தம்பி மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது, அவருக்கு வேண்டியவர்கள் யாராவது நம்மை மிரட்டினால் என்ன செய்வது என்றே மனது ஓடிக்கொண்டிருந்தது.

கடையில் அவர் இல்லை. பின்தெருவில் பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனோம்.

ஷெட்டுக்குள் அந்தக் கார் நின்றிருந்தது. ஒருவர் உப்புத்தாளை வைத்துச் சிவப்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். முன்பக்கமும் ஒரு பக்கத்துக் கதவுகளும் அதற்குள் வெள்ளையாகிவிட்டிருந்தன. கறுப்புத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். பழைய ஒல்லிச் சக்கரங்கள் மாட்டுவதற்குத் தயாராகச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தரையில் கொட்டிக் கிடந்த சிவப்புத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தம்பி எங்களைப் பார்த்துவிட்டார். ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"ஃப்ரெண்டுங்க சொன்னாங்கக்கா" என்றார் கடைசியில். "பழையபடி மாத்திக் கொண்டுபோயிடு, இன்சூரன்ஸ்காரங்க இன்னும் வண்டிய நேர்ல பாக்கல, எதையும் நிரூபிக்க முடியாதுன்னாங்க. சைக்கிள் குறுக்க வந்துச்சுன்னு சொன்னா கேஸ் நிக்காதாம். இல்லன்னா மொத்தமும் என் தலைலதான் விடியுமாம். அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது."

என் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனான். நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

"தம்பி, அவரு மண்ணுல இறங்கித்தான் வந்தாரு. அன்னிக்கி நீங்களே என்னாண்ட சொன்னீங்க. குறுக்க வந்தாருன்னு நாளைக்கி நீங்க சொன்னா, படுத்துகினு கீற மனுசனாண்ட நான் இன்னான்னு போய்ச் சொல்றது?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா சார், இந்தப் பக்கமும் எடுத்துடவா?" என்று கேட்டார். அந்தத் தம்பி கீழே கிடந்த கறுப்புத் தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் நானும் அண்ணனும் ஸ்டேஷன் எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கார் வரவில்லை. ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பேன். லாரியாக இருக்கும், இல்லாவிட்டால் மாட்டுத் தீவனம் ஏற்றிய டிராக்டராக இருக்கும். வெயில் ஏறிவிட்டது. அண்ணன், "வரமாட்டாண்டி. நாம ஒரு வக்கீலப் பாக்கலாம்" என்றான்.

அப்புறம்தான் அது வந்தது. முன்பக்கமும் இடது பக்கமும் வெள்ளை, மற்றதெல்லாம் சிவப்பு. அகலச் சக்கரங்கள் நாலும் அப்படியே இருந்தன. ஸ்டேஷனில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். டீக்கடையிலிருந்துகூட நாலு பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். காரிலிருந்து அந்தத் தம்பி இறங்கினார். மறுபக்கத்திலிருந்து வயதான ஒருவர் இறங்கினார், அவருடைய அப்பா. மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"சார், இது வெள்ளை வண்டி. நான்தான் சிவப்பாக்கினேன். வீல் மாத்தினதும் நான்தான். நேத்து இதையெல்லாம் அழிக்கப் பார்த்தேன், பாதியில விட்டுட்டேன். சைக்கிள்ல போனவரு மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார். எதையும் விடாமல் சொன்னார்.

இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் நம்பரைக் குனிந்து பார்த்து, நீங்கள் இன்சூர் செய்த வண்டி இதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சொல்லாமல் இவ்வளவு மாற்றியதால் உங்கள் வண்டிக்கான சேதத்துக்கு எதுவும் கிடைப்பது கஷ்டம் என்றார். அவர் சொன்னபடியே, அந்தத் தம்பிக்கு இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை, வாரண்டியும் கிடைக்கவில்லை. எங்கள் வக்கீல் எனக்குப் புரியும்படி விளக்கினார். அடிபட்ட வெளியாளுக்கு இன்சூரன்ஸ் தரும் பாதுகாப்பு தனி. சொந்தக்காரர் பெயின்டை மாற்றினார் என்பதற்காக அதை மறுத்துவிட முடியாது. ஆனால் இடித்தது இந்த வண்டிதான், தப்பு ஓட்டியவர் மேல்தான் என்று தெளிவாக இருக்க வேண்டும் என்றார். வழக்கு இழுத்தடித்தது. ஆனாலும் நஷ்ட ஈடு வந்து சேர்ந்தது.

என் கணவர் நடந்தார், லேசாகச் சாய்ந்தபடி. கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அன்று ஸ்டேஷனில் நடந்ததை நான் அவரிடம் சொன்னபோது, "பயந்துகினேதான் வந்திருப்பான், பாவம்" என்றார்.

இன்று அதே சாலையில் விதவிதமாக அலங்காரம் செய்த கார்கள் பறக்கின்றன. பார்க்கும்போதெல்லாம், இவர்கள் இன்சூரன்ஸில் எழுதிக் கொடுத்திருப்பார்களா என்ற கவலை எனக்குத் தன்னால் வந்துவிடும். என் மகள் சிரிப்பாள். பயப்படாதவர்களால்தான் உண்மை பேச முடியும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். பயத்தில் தப்பு செய்யத் தொடங்கி, பாதியில் கையை எடுத்துக்கொண்டு, ஊரே சிரிக்கும் ஒரு வண்டியோடு எங்களுக்காக வந்து நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு, யாரைப் பற்றியும் அவசரப்பட்டு முடிவு கட்ட எனக்கு மனம் வருவதில்லை.