இரண்டு நிறக் கோடுகள்

என் கணவர் வீட்டில் வைத்துப் படித்த விமானிக் கையேட்டில் ஒரு பக்கம் தானாகவே விரியும். அதில் ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு, அடுத்ததன் கீழ் அம்பர், அதாவது செம்மஞ்சள் நிறக் கோடு. பறக்கும்போது பெரிய கோளாறு வந்தால், சீக்கிரம் இறங்கும்படி திரையில் எழுத்து வரும். வாசகம் ஒன்றுதான், நிறம்தான் வேறு. சிவப்பென்றால் பாதுகாப்பாக இறங்கக்கூடிய மிக அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கியே ஆகவேண்டும். அம்பர் என்றால் இறங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பரீட்சை நெருங்கினால் கையேட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. பறக்கும்போது பெரும்பாலானதைப் புரட்டிப் பார்த்துச் செய்யலாம். புரட்ட நேரமில்லாத சில வரிகளை மட்டும் மனதிலிருந்து சொல்லவேண்டும். கறியைக் கிளறிக்கொண்டே நான் ஒரு சொல்லைக் குழப்பிவிட்டால் மனிதருக்குக் கோபம் வந்துவிடும். "இறங்கலாம் எண்டா வேற, இறங்கோணும் எண்டா வேற" என்பார்.

ஆலங்குடாவில் உம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். சேர்ட் நனைந்திருந்தது. சற்றுத் தெளிந்ததும் தானே காரை எடுத்தார். நான் எவ்வளவு கேட்டும் சாவியைத் தரவில்லை. பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் புத்தளம் ஆஸ்பத்திரி, கொஞ்சத் தூரம்தான். வலப்பக்கம் கொழும்பு.

"இடப்பக்கம் திருப்புங்க. இது சிவப்பு" என்றேன்.

"இல்ல, அம்பர்தான். இங்க காட்டினா எல்லாம் பதிவாகிடும், பொறகு பறக்க விடமாட்டாங்க. கொழும்பில எங்கட டொக்டர்ட்டக் காட்டலாம்."

கொழும்புப் பாதையில், சிலாபத்துக்கு முன்னால் ஓரிடத்தில் காரை ஒழுங்காக ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்து, எச்சரிக்கை விளக்கையும் போட்டார். பிறகு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். பின்னால் வந்த உப்பு லொறிக்காரர்தான் அவரை இறக்க உதவினார். அதற்குள் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார்.

எனக்கு இன்றும் அவர் மேல் கோபம்தான். முந்நூறு உயிர்களை ஏற்றிக்கொண்டு பறந்தவர், அந்தப் பக்கத்தைத் தன் உயிருக்கு மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை. கையேட்டை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் உம்மா. எடுத்தால் அதே பக்கம்தான் விரிகிறது. அன்று வெயிலில் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த கார் விளக்கும் அம்பர் நிறம்தான்.