விரல் நுனி

என் அத்தான் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்பவர். சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போக ஆரம்பித்ததும், பொரித்த எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தினமும் வேகவைத்த காய்கறி கட்டிக் கொடுத்தாள். "மாடுகூட உப்பு கேட்கும்டி" என்று முனகிக்கொண்டே சாப்பிடுவார். முதுகில் பொரித்த கோழியின் வாசனையைச் சுமந்துகொண்டு காய்கறி தின்பது லேசில்லைதான்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் செய்தவர் கதவையும் திறக்காமல் போனையும் எடுக்காமல் இருந்தால், அந்தச் சாப்பாடு கொண்டுபோனவருக்கே. வீணாய்ப் போவதைத் தின்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அத்தான் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அப்புறம் போனை ஒரே மணியோடு வைத்துவிட்டு, கதவுகளை விரல் நுனியால் தட்டத் தொடங்கினார்.

தினமும் ஆர்டர் போடும், ஒரு மேல்மாடியில் தனியாக இருந்த பெரியவரிடம் மட்டும் அது பலிக்காது. மதியமானால் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். அன்று கதவு சாத்தியிருந்தது. 'அடிச்சுது யோகம்' என்று அத்தான் மெல்லத் தட்டினார். உள்ளே போன் அடித்து ஓய்ந்தது. ஆர்டர் ரத்தானதும் படியிலேயே உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தார்.

அப்போது கதவின் உள்பக்கம், தரையை ஒட்டி, அவர் தட்டியது போலவே மெல்ல ஒரு தட்டல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இல்லை.

"கால் மரத்துப்போச்சு, உடனே எந்திரிக்க முடியலை" என்று பிறகு வந்தவர்களிடம் சொன்னார். படியில் கிடந்த எலும்பில் ஒரு நார்கூட மிச்சமில்லை.