ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் கோமதி பெரிய பழுப்புக் கவரோடு வந்தாள். ஒற்றைத் தலைவலிக்கு மதுரையில் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். பிலிமை உருவி, பாருங்க ஆச்சி என்று நீட்டினாள். என் கை நீளவில்லை.

ஏன் தெரியுமா?

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். வாராவாரம் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவள் என் மகள் செண்பகம். அவளுக்கும் அதே தலைவலிதான். வந்தால் கதவைச் சாத்தி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். பாத்திரம் உருண்டாலே வாந்தி.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு சீசன் முழுக்கத் தலையில் எண்ணெய் வைத்துக் குற்றாலம் ஐந்தருவியில் நிறுத்தினேன். தலைவலி போகவில்லை... ஊர்ப்பேச்சு வந்தது. சித்தம் கலங்கியவர்களையும் அப்படித்தானே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்? தென்காசி பூராவும் என் மகளைப் பைத்தியம் என்றது.

நான் யாருக்கும் தலை குனிந்தவள் இல்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்தேன் — எங்கள் தெருவில் முதல் ஸ்கேன். ஓரத்தில் தெரிகிற வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு படிந்த பழைய தழும்பு, தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்த வலி பிலிமில் விழாது, பயமில்லை என்றார் டாக்டர். என் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்.

அடுத்த மாதம் கீழப்பாவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் முகத்தில் சிரிப்பு. பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா தலைவலியைப் பற்றி மெல்ல இழுத்தாள். எனக்கு ரோஷம். பீரோவைத் திறந்து பிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் மகள் மூளையை நீங்களே பாருங்கள்!

"இங்கன வெள்ளையா இருக்கே, என்னது மதினி?"

"அது ஒண்ணுமில்ல. டாக்டரே சொல்லிட்டாரு."

"ஒண்ணுமில்லாததையா படம் பிடிச்சிருக்காவ?"

ரிப்போர்ட் இங்கிலீஷில். எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் செண்பகம். பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணே வந்து தன் மூளையைப் பற்றி வாசிக்கலாமா? அடுக்களையிலேயே நின்றாள்.

அவர்கள் பஸ் ஏறுமுன் பைத்தியம், "மூளையில் கட்டி" ஆகிவிட்டது. அதன்பின் ஒருவரும் வரவில்லை. ஆறு வருஷம். போன வருஷம் மறுபடி எடுத்தோம். புள்ளி அதே கடுகளவு. என் மகளுக்கு வகிட்டில் நரை.

கோமதியின் பிலிமைச் செண்பகம்தான் வாங்கினாள். பார்க்காமலே கவருக்குள் போட்டாள்.

"டாக்டர் சொன்னத மட்டும் கேளுங்கக்கா. இத யார்ட்டயும் காட்டாதிய." கவரைக் கோமதி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாட்டயும்."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதினாள்.