தகரத்துக்கு வைத்த வெடி

லண்டனில் ஒரு பிறந்தநாள் வீட்டில்தான் அந்தக் கதையை முதலில் கேட்டேன். சொன்னவர் திருகோணமலைக்காரர்கூட இல்லை. அவருக்கு ஆரோ சொல்ல, அந்த ஆருக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"தம்பலகாமத்தில ஒராள் தனக்கெண்டு துவக்கு ஒண்டு செய்விச்சு வைச்சிருக்கிறாராம். ஒரு மைலுக்கு அங்கால நிக்கிற ஆளின்ர சட்டைப் பொத்தானைப் பாத்துச் சுடலாமாம். கடற்கரையில நிண்டு சுட்டா நேவிக் கப்பலின்ர கொடி அறுந்து விழுமாம்."

"ஆரவர்?" என்று கேட்டேன்.

"பேர் தெரியாது. இடக்கையனாம்."

கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். தம்பலகாமத்தில் துவக்கு வைத்திருக்கிற இடக்கைக்காரர் எனக்குத் தெரிய ஒருவர்தான். என் அக்கா கமலேஸ்வரியின் புருஷன், இரத்தினசிங்கம் அத்தான்.

அது 1984. ஒரு தமிழனைப் பற்றி இப்படியொரு கதை நடக்கத் தொடங்கினால் அது எந்த வாசலில் போய் நிற்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். ஆமி முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. கதை லண்டனுக்கே வந்துவிட்டதென்றால் முகாமுக்குப் போகாமலா இருந்திருக்கும்?

அத்தான் முன்பு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கப்பலிலிருந்து சீமெந்து மூட்டைகளை லொறியில் இறக்கும்போது தூசி எழும்பக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கீழே நிற்பவர்கள், "அண்ணை, இது பிள்ளைத்தாச்சி இல்லை, சீமெந்து, கெதியா இறக்குங்கோ" என்று கத்துவார்களாம். வீட்டிலும் அதே ஆள்தான். கதிரையை இழுக்க மாட்டார், தூக்கித்தான் வைப்பார். செய்தி கேட்க வானொலியைத் திருப்பினால் இரைச்சல் துப்புரவாக அடங்கும்வரை முள்ளை அசைத்துக்கொண்டே இருப்பார். அதற்குள் செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கிவிடும்.

துறைமுகத்தை விட்டு வயலோடு இருக்கத் தொடங்கிய பிறகு அவருக்கு யானைக்கரைச்சல் பெரிய கரைச்சலாய்ப் போனது. கதிர் பழுக்கும் நாட்களில் காட்டோரத்தால் இறங்கி வரும். யானைவெடி கொளுத்திப் பார்த்தார்கள். நாளடைவில் யானைகள் அதற்கும் பழகிவிட்டன. "இப்ப வெடிச் சத்தம் கேட்டாச் சாப்பாடு ஆயத்தம் எண்டு நினைச்செல்லோ வருதுகள்" என்பார் பக்கத்து வயல் சின்னராசா. சுட்டுக் கொல்ல அத்தானுக்கு மனமில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போகிற மனிதர். சட்டமும் விடாது.

அவர் கண்டுபிடித்த வழி வேறு. காட்டோரத்துப் பாலை மரங்களில் உயரத்தில் வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கட்டித் தொங்கவிடுவது. யானை மரத்தடிக்கு வந்தவுடன் காவல் பரணில் இருந்தபடியே தகரத்தைச் சுடுவது. தலைக்கு மேலே திடீரென்று 'டாங்' என்று அடித்தால் யானை வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் பரணுக்கும் மரத்துக்கும் நடுவே நானூறு யார் தூரத்துக்கு வேளாண்மை கிடக்கிறது. அவருடைய பழைய துவக்கு பன்றி விரட்டத்தான் சரி. அதற்குமேல் அவர் இடக்கை. கடையில் விற்கிற துவக்கெல்லாம் வலக்கைக்காரருக்கு.

அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் பொலிசுக்கும் நடையாய் நடந்து உரிமம் எடுத்தார். கொழும்பில் துவக்கு வேலை செய்கிற பறங்கியர் ஒருவர், தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி, அத்தானுடைய கையையும் கழுத்தையும் தோளையும் அளந்தெடுத்து, பூட்டு இடப்பக்கம் வர, பிடியை முதிரை மரத்தில் கடைந்து, மேலே ஒரு தூரக்கண்ணாடியும் பூட்டிக் கொடுத்தார். அது வந்து சேர்ந்தது 1983 தொடக்கத்தில். நானும் விடுமுறையில் ஊரில் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் வயலுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், உழவு மெசின் என்றாலும் சரி, தண்ணீர் பம்ப் என்றாலும் சரி, புக்கை பொங்கிப் பிள்ளையாருக்குப் படைத்து, வயற்காரர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவது. அத்தான் துவக்குக்கும் அதையே செய்தார். பிடியில் சந்தனம், குங்குமம். கிண்ணியாவிலிருந்து வந்து சந்தியில் நெல்லுக்கடை வைத்திருந்த றஊப் நானாவுக்கும் அழைப்பு. ஒளித்து வைத்திருக்க வேண்டிய ஒரு சாமானை, ஊரைக் கூட்டிப் புக்கை கொடுத்துக் காட்டினோம்.

சோதனை பார்க்க வந்தவர்கள் பாவம். அத்தான் காட்டோரத்தில் சாக்கொன்றைக் கட்டி, அதில் வெள்ளைக் கடதாசி ஒட்டினார். பரணில் ஏறிப் படுத்து ஒரு வெடி வைத்தார். துவக்கைத் துணியால் மூடிவிட்டு இறங்கி, வரம்பால் நடந்து போய் ஓட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து கண்ணாடியின் திருகை மயிரளவு திருப்பினார். இன்னொரு வெடி. பிறகும் நடை.

"இவர் நடக்கிற நடையைப் பாத்தே யானை களைச்சுப் போகும்" என்றார் றஊப் நானா.

புக்கை முடிந்ததும் பாதிச் சனம் போய்விட்டது. வெயில் சாயத் தொடங்கியபோது தகரத்தைச் சுட்டார். வயலுக்கு அங்காலிருந்து 'டாங்' என்று வந்தது. பிறகும் ஒன்று, பிறகும் ஒன்று. அத்தான் சிரிக்கவில்லை. "கொஞ்சம் வலப்பக்கம் இழுக்குது" என்றார்.

பிறந்தநாள் வீட்டுக்கு அடுத்த நாள் றஊப் நானாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வட்டாரத்தில் எங்களுக்கு இருந்த தொலைபேசி அதுதான். ஆளனுப்பி அத்தானைக் கூப்பிட்டார்.

"கொடியெண்டா சொன்னவங்கள்?" என்று கேட்டார் அத்தான். "காத்தில ஆடுற சாமானைச் சுடேலாது மச்சான். விசரங்கள்."

"அத்தான், பகிடி இல்லை. துவக்கைக் கொண்டுபோய்ப் பொலிசில குடுங்கோ."

"குடுத்தா ஏன் குடுக்கிறாய் எண்டு கேப்பாங்கள். உரிமம் இருக்கு. கதிரும் முத்தீட்டுது. வெட்டு முடியட்டும்."

வெட்டு முடியுமுன்னே ஜீப் வந்தது. அதை எனக்குச் சொன்னவள் அக்கா. நெல்லுக்கடையிலிருந்து எடுத்தாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வந்த அதிகாரி மரியாதையான ஆளாம். உரிமத்தைப் பார்த்தார், சரி என்றார். தேத்தண்ணீர் குடித்தார். பிறகு, "தகரத்துக்குத்தானே சுடுறது? எங்கே, ஒருக்கா சுட்டுக் காட்டும்" என்றாராம்.

இப்படிக் கேட்பார்கள் என்று அக்கா முன்பே நினைத்து வைத்திருந்தாள். என்ன வந்தாலும் தகரத்தில் படக் கூடாது என்று அத்தானிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். தகரத்தில் பட்டால் ஆளிலும் படும் என்பார்கள். படாவிட்டால், தன்னைப் பற்றி ஊரெல்லாம் கதைவிட்ட ஒரு விவசாயி, அவ்வளவுதான்.

அத்தான் பரணில் ஏறிப் படுத்தார். மூன்று வெடி வைத்தார். மூன்றுக்கும் தகரம் பேசாமல் தொங்கியது. ஜீப்போடு நின்ற ஆமிக்காரர் சிரித்தார்கள். அக்காவுக்கு மூச்சு வந்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் போகவில்லை. வரம்பால் நடந்து பாலை மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். வந்து, தன் உள்ளங்கையை விரித்து அத்தானுக்குக் காட்டினார்.

"தகரத்துக்குக் கீழே, மரத்தில மூண்டு ஓட்டை. இந்தக் கை வைச்சால் மூண்டும் மறையுது. நல்லாய்த்தான் தப்ப விடுறீர்."

துவக்கை ஜீப்பில் ஏற்றினார்கள். அடுத்த நாள் காலையில் முகாமுக்கு வரச் சொன்னார்கள். "எங்கட பொடியங்களுக்கும் இப்படித் தப்ப விடப் பழக்கும்" என்றாராம் அதிகாரி. அது பகிடியா வெருட்டா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"இந்த மனுசன் தப்ப விடுறதையும் ஒழுங்காச் செய்துபோட்டுது தம்பி. ஒண்டை வானத்துக்கும் ஒண்டை வரம்புக்கும் விட்டிருந்தா என்ன?"

பக்கத்தில் நின்ற அத்தான் அக்காவிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"தகரத்தை விட்டிட்டு எங்கயாவது ஒரு இடத்தைப் பாக்கத்தானே வேணும் மச்சான். மரத்தில ஒரு கணு தெரிஞ்சுது. அதைப் பாத்தன்."

"மூண்டு தரமுமா?"

"ஓம்" என்றார். பிறகு, "கை அப்பிடிப் போகுது" என்றார்.

போக வேண்டாம், இன்றைக்கே கிண்ணியாப் பக்கம் மாறுங்கள் என்று கெஞ்சினேன். ஒளிந்தால் கதை உண்மையாகிவிடும், பிறகு அக்காவைத்தான் வந்து கேட்பார்கள் என்றார். றஊப் நானா கூட வருகிறாராம். சிங்களம் இருவருக்கும் நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவோம், கடைக்கு எடு, நானே கதைக்கிறேன் என்றார்.

அன்றிரவு நான் படுக்கவில்லை. இங்கே விடியும்போது அங்கே மத்தியானம். தொலைபேசி இணைப்பகத்துப் பெண் நான்கு தடவை எண்ணைத் திருப்பிக் கேட்டு, கடைசியில் இணைத்தாள். தூரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

றஊப் நானா இல்லாத நாளில் அவருடைய மனைவி நஜ்முன் நிஸா கல்லாவில் இருப்பார். அவர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார், "ஆர் லண்டன் தம்பியா?" என்று. கடை பூட்டியிருக்க அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, பெருநாளும் இல்லை.

"பதில் இல்லை, வைக்கட்டுமா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். மணி அடித்துக்கொண்டிருந்தது.