அவர் முன்னால், நான் பின்னால்

என் கணவர் சைக்கிள் ஓட்டுவதை நான் பின்னாலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சட்டை முதுகில் வியர்வை எந்த இடத்தில் படியத் தொடங்கும், மேடு வந்தால் எந்தத் தோள் தாழும், மூச்சு வாங்கும்போது கழுத்து எப்படி முன்னால் நீளும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் காற்று வாங்கப் போகிறோம் என்று தெருவில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த முதுகுக்குக் காவல் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் பஸ் டிரைவர். போன வருடம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு ஸ்டியரிங் கிடையாது, டிப்போவில் நாற்காலி வேலை. நடக்கச் சொன்ன டாக்டரிடம் இவர் முட்டி வலியைச் சொல்ல, "அப்ப சைக்கிள் ஓட்டுங்க. வெயிட் தூக்கக் கூடாது, எதையும் புடிச்சி இழுக்கக் கூடாது" என்றார். முதல் வாக்கியம் அவர் காதில் விழுந்தது. இரண்டாவது என் காதில் விழுந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் அப்பாவுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தேன். நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். கால் மெஷினை மிதித்ததைத் தவிர கல்யாணத்துக்குப் பிறகு வேறெதையும் மிதித்ததில்லை. சுடிதார் போட்டுக்கொண்டு வெளியே வந்த முதல் நாள் எதிர்வீட்டம்மா, "இன்னாம்மா, ஜோடியா ஊர்கோலமா?" என்று சிரித்தாள். "ஆமா, ஆரத்தி எடுத்து வை" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

தெருமுனையில் அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னா, கெளம்பலயா?"

"ரைட் குடு. இத்தினி வருஷமா பின்னால விசில் கேட்டுத்தான் வண்டிய எடுத்திருக்கேன்."

அவர் சைக்கிளில் பெல் இல்லை, என்னுடையதில் உண்டு. ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. விளையாட்டாக ஆரம்பித்தது, ஆனால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வேண்டும்போது நிறுத்தலாம் அல்லவா? இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டேன். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே விட்டு அவர் துவைக்கப் போட்டுவிடுவார். அதனால் அது எப்போதும் என் இடுப்புப் பையில், செல்போனோடு இருந்தது.

எங்கள் வழி எப்போதும் ஒன்றுதான். நெசவாளர் தெரு வழியாகப் போய், கோயில் மதிலை ஒட்டித் திரும்பி, கடைத்தெருவைக் கடந்து, ஊருக்கு வெளியே முசரவாக்கம் பக்கம் ஏரி வரை போய்த் திரும்புவது. ஊருக்குள் பின்னோக்கி வரும் டூரிஸ்ட் வேன், குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோ, கறிக்கடை வாசல் நாய்கள் என்று பயப்பட ஆயிரம் இருக்கும். ஆயிரம் இருப்பதால் எதற்கும் முழுசாகப் பயப்பட நேரம் கிடைக்காது. ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்து, சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கும்போதுதான் அந்த நேரம் கிடைக்கும். அங்கே பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு முன்னால் மிதித்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் நிறுத்தி, "எவ்ளோ நல்லா இருக்குது பாரேன்" என்பார். தண்ணீர் ஓரத்தில் கொக்குகள் நிற்கும். நான் அவர் உதடு கறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். எத்தனையோ ஞாயிறு அந்த ஏரிக்குப் போயிருக்கிறோம். அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால் விழிப்பேன்.

அந்த ஞாயிறு வானம் மூடியிருந்தது. மழைக்கு முன் வீடு சேர வேண்டும் என்று சீக்கிரமே திரும்பினோம். புளியமரங்கள் இருக்கும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் என் சைக்கிளில் செயின் கழன்றது. ஒரு மணி அடித்தேன். அதே நேரம் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. மறுபடி அடித்தேன், கத்தினேன். புழுதி அடங்கியபோது ரோட்டில் அவர் இல்லை.

குனிந்து செயினை மாட்டினேன். மாட்டியதும் போன் போட்டேன். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி போட்டேன். அப்போதுதான் உறைத்தது, மாத்திரை என்னிடம் இருக்கிறது. இனி துவைக்கப் போகாது என்று கெட்டிக்காரத்தனமாக நான் வைத்துக்கொண்ட மாத்திரை, அவர் எங்கே கிடக்கிறாரோ அங்கே இல்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் மகளுக்குப் போன் போட்டு, "அப்பா போன் எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட் செய்தேன்.

அதற்குப்பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினேன். ஓரிடத்தில் புல்லுக்குள் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அவர் சட்டையும் வெள்ளை. இறங்கிப் போய்ப் பார்த்தால் உர மூட்டை. அந்த மூட்டையைக் காலால் ஒரு உதை விட்டேன், அது என்ன பாவம் செய்ததோ.

ஊர் எல்லையில் இருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "கியர் சைக்கிள்காரரா? இப்பதான் போனாரும்மா. நல்லாத்தான் போனாரு" என்றார். நல்லாத்தான் போனவர் போனை ஏன் எடுக்கவில்லை? பஸ்ஸிலும் அன்றைக்கு நல்லாத்தானே ஏறினார்? ஆளை மட்டும் முழுசாகக் காட்டு தெய்வமே, அவர் சைக்கிளை இன்றைக்கே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுகிறேன், இனி அவர் வாசற்படி தாண்ட வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மிதித்தேன். தூறல் போட ஆரம்பித்தது.

நெசவாளர் தெருவில் காலை நேரத்தில் பாவு போடுவார்கள். ஒரு பட்டுச் சேலைக்கு நீளவாக்கில் ஓட வேண்டிய இழைகள் அத்தனையையும் தெருவின் நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சீர் பார்த்துச் சுருட்டுவது வழக்கம். அதுவரை சைக்கிளானாலும் பைக்கானாலும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். நான் தெருவுக்குள் திரும்பியதும் பாவு கண்ணில் படவில்லை. நடுத்தெருவில் விழுந்து கிடந்த கியர் சைக்கிள்தான் பட்டது. முன்சக்கரம் இன்னும் லேசாகச் சுற்றுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. அதற்கு அப்பால் ஒரு கூட்டம்.

என் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கூட்டம் யாரையும் சுற்றி நிற்கவில்லை. அரக்கு நிறத்தில் நீண்டு கிடந்த பாவுக்கு இரண்டு பக்கமும் நின்று, பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடியில் ஒருவர் பாவைக் கட்டையில் சுருட்டிக்கொண்டு வந்தார். இந்தக் கோடியில், இழைகளைக் கோத்த கோலை இரண்டு கையாலும் பிடித்தபடி, என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

கோபம் வந்தால்தான் என் வாயில் அந்த வார்த்தை வரும். "யோவ்!"

அவர் திரும்பவில்லை. "கைய எடுக்க முடியாது. வுட்டா இழையெல்லாம் சிக்காயிடும்."

"மாத்திர எங்கிட்ட இருக்குது, தெரியுமில்ல? எதையும் இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"இழுக்கலடி. தொங்காம புடிச்சிக்கினு நிக்கிறேன். அவரு சுத்த சுத்த நான் முன்னால நடக்கிறேன், அவ்ளோதான்."

ஷீட் பிடித்திருந்த, பாவு போட்ட வீட்டுப் பெண், "திட்டாதீங்கக்கா. திடீர்னு மழ வந்துட்சி, ஆள் பத்தல. அண்ணன் வண்டிய அப்டியே போட்டுட்டு ஓடியாந்தாரு. போன் அடிச்சிக்கினே இருந்துச்சி, எடுக்கத்தான் யாருக்கும் கை இல்ல" என்றாள்.

"வுடு, நான் புடிக்கிறேன்" என்று அவரிடமிருந்து கோலை வாங்கப் போனேன். பாவுக்கு முதுகு காட்டி அவருக்கு நேரெதிரே நின்றால்தான் கோலைப் பிடிக்க முடிந்தது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் முகம், டோக்கன் வாங்கிக்கொண்டு டாக்டருக்குக் காத்திருக்கும் ஆளின் முகமாகவே இருந்தது. இன்று அப்படி இல்லை. கண் இழையைவிட்டு அகலவில்லை. நெரிசலான திருப்பத்தில் பஸ்ஸை ஒடிக்கும்போது உதட்டை மடித்துக்கொள்வாரே, அப்படி மடித்திருந்தார். மழை வழிந்த உதட்டில் கறுப்பு எதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கோலை விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தோம், நான் பின்பக்கமாகவே. என் இடுப்பில் போன் அடித்தது. மகள்தான். நின்றது, மறுபடி அடித்தது. கையை எடுத்தால் இழை தொங்கிவிடும். அந்தப் பிள்ளை சென்னையில் என்ன பாடு படுகிறாளோ என்று எனக்குத் தெரியும், ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி" என்றார்.

பாவு சுருட்டி உள்ளே போனதும் போனை எடுத்தேன். மகள் அழுதுகொண்டே கத்தினாள். "ஏம்மா எடுக்கல? ஆட்டோல பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கினு இருக்கேன். அப்பாக்கு இன்னாச்சி? அந்த சைக்கிள மொதல்ல யார்கிட்டயாச்சும் குடுத்துடு!" வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்ததையே சொன்னாள். "அப்பா நல்லா இருக்காரு. கை ரெண்டும் வேலையா இருந்துச்சிம்மா, அதான்" என்று சொல்லிப் போனை அவரிடம் கொடுத்தேன். சைக்கிளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

சைக்கிளை நிமிர்த்தி அவர் ஏறினார். இடுப்புப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, அவர் சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டுவிட்டேன். "துவைக்கப் போட்டுடாதே" என்றேன். போய் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்க்காமல் அவர் நின்றுகொண்டிருந்தார். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முன்னால் தெருக்கோடி, திருப்பம், அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ரோடு. எனக்குப் பயம் துளிகூடக் குறையவில்லை. கட்டைவிரல் பெல்மேல் வெகுநேரம் சும்மாவே இருந்தது. பிறகு இரண்டு மணி அடித்தேன்.