பணியார மாவில் முக்கின கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலுதவி சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு இது ஆகாது என்று எங்கள் தொண்டுச் சங்கத்தில் பலமுறை சொல்லிவிட்டார்கள். சொன்னால் குறைந்துவிடுமா? சம்பளம் வாங்காத வேலை. ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ச் செக்காலைப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட அறையில் வகுப்பு. யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் மருந்துப் பையோடு போய் ஓரமாக நிற்போம். பாதி வீடுகளில் பரிமாற வந்தவர்கள் என்று நினைத்துச் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

நாச்சியாபுரத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். வயதானவர்கள் நிறைய வருவார்கள் என்று அந்த வீட்டு ஆச்சி எங்களைக் கூப்பிட்டிருந்தார். நானும், ஆட்டோ ஓட்டுகிற எங்கள் சங்கத்துக்காரர் ஒருவரும் போனோம். காலைப் பந்திக்கு முன்பே சமையல்கட்டில் ஒரே சத்தம். தலைமைச் சமையல்காரர் எண்ணெய்ச் சட்டியை நகர்த்தும்போது தளும்பி, அவருடைய வலது புறங்கையில் கொட்டிவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மனுஷன் வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டி வைத்த மாவு அண்டாவுக்குள் மணிக்கட்டு வரை கையை முக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். சுற்றி நின்றவர்கள் சரிதான் என்று தலையாட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சமையல்கட்டில் தீப்புண்ணுக்கு மாவுதான் முதல் மருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைய வெளில எடுய்யா!"

"சும்மா இருங்கக்கா, குளுகுளுன்னு இருக்கு."

"இருக்கும். காஞ்சு ஒட்டிக்கிட்டா ஆஸ்பத்திரில சுரண்டி எடுப்பாக, அப்பத் தெரியும். தண்ணில காட்டு."

"தண்ணி பட்டாக் கொப்பளிக்கும்க்கா. அடுப்படிலயே கெடக்குறவன், எனக்குத் தெரியாதா?"

முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்து, குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மாவு கரைந்ததும் தோல் தெரிந்தது. புறங்கை செக்கச்செவேல். விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. மோதிர விரலில் தடித்த தங்க மோதிரம். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்ப் பயம் வந்துவிட்டது. வீக்கம் ஏறினால் மோதிரம் இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். விரலே போனாலும் போகும். வலது கை விளங்காத சமையல்காரரை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

"மோதிரத்தக் கழட்டுங்க."

"மாமனார் போட்டதுக்கா. கல்யாணத்துலருந்து கழட்டுனதே இல்ல."

"விரல் வேணுமா, மாமனார் வேணுமா?"

"அவரு செத்துப் பல வருசமாச்சு."

"அப்பறம் என்ன? எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வலியிலும் அவருக்கும் சிரிப்பு வந்தது. இறுக்கி வைத்திருந்த கையைத் தளர்த்தினார். ஓடுகிற தண்ணீரிலேயே மெதுவாகத் திருகினேன். விரல் மூட்டில் சிக்கிக்கொண்டது. அவர் என் பரம்பரையைத் திட்டி முடிக்கவும் மோதிரம் கழன்று வரவும் சரியாக இருந்தது.

இருபது நிமிடம் நகரவிடவில்லை. குழாயடியில் நின்றபடியே சமையலை நடத்தினார். "டேய், பாயாசத்தக் கிண்டு! இங்குட்டு என்னடா பார்வ?"

அண்டா மாவைக் கீழே கொட்டச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார். "அம்புட்டு மாவையுமா கொட்டணும்? மேலாப்புல எடுத்துட்டா ஆகாதா?"

"தோலு கெடக்கும் ஆச்சி. யாருக்குப் போடப் போறீக?"

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "சம்பந்தி பந்திக்கு மட்டும் போட்டுருவமா?"

மாவைக் கொட்டியாயிற்று. பார்சல் கட்ட வைத்திருந்த சுத்தமான பிளாஸ்டிக் தாளைக் கையில் தளர்வாகப் போர்த்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சில வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தன் ஆட்கள் ஆறு பேரை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "இருவது நிமிசம்னு அக்கா லேசாச் சொல்லும். நின்னு பாருங்கடா, ஒரு முகூர்த்தமே முடிஞ்சு போயிரும்."

"உக்காருய்யா" என்று கத்தினேன். உட்கார்ந்தார்.

கட்டுப் போடப் பழகும்போது அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புறங்கைத் தோல் இன்னும் வெளிறிக் கிடந்தது. ஆனால் ஐந்து விரலும் மடங்கின, நீண்டன, துணியை இழுத்து முடிச்சுப் போட்டன. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கட்டு படு கோணல். அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.